ஆண்டவரிடம் சண்டை போடலாமா? புலம்பல் ஜெபம் பற்றி ஓர் எளிய விளக்கம்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது மலேசியாவில் நம் தமிழ்ச் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை (வரும் வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் எழுதிய சின்ன அட்டை) எடுப்பார்கள். ஒரு கூடையோ பழைய பிஸ்கட் டின்னோ வரிசை வரிசையாகச் சுற்றி வரும், ஆளுக்கொன்று எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் அந்த அட்டை அடுத்த டிசம்பர் வரைக்கும் பர்ஸிலோ ஃபிரிட்ஜ் கதவிலோ இருக்கும். எரேமியா 29:11 யாருக்காவது வந்தே தீரும். உங்கள்மேல் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று ஆண்டவர் சொல்லும் வசனம். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தைய வசனத்திலேயே, எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவீர்கள் என்று இருக்கிறது. அதாவது கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் பலர் அந்த நாளைப் பார்த்திருக்கவே முடியாது. இதே எரேமியா 20ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அந்த வசனம் அட்டையில் வந்து நான் பார்த்ததில்லை.

வரவேண்டும் என்றும் சொல்லவில்லை, புது வருஷமும் அதுவுமாக யாரும் அதை எடுக்க விரும்ப மாட்டார்கள். ஆனால் வருஷம் முழுக்க நாம் அந்தப் பக்கங்களைத் திருப்பாமலே ஓட்டிவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. வேதாகமத்தில் ஒரு பெரிய பகுதி அழுகையும் கேள்வியும் முறையீடும்தான். சங்கீத புத்தகத்தில் இருக்கும் 150 சங்கீதங்களில் (கத்தோலிக்கச் சகோதரர்கள் திருப்பாடல்கள் என்பார்கள்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வகையைச் சேர்ந்தது. துதிப் பாட்டைவிட, நன்றிப் பாட்டைவிட இதுதான் எண்ணிக்கையில் அதிகம். இதைத்தான் புலம்பல் என்கிறோம். புதிதாக வேதம் வாசிக்கிறவர்களுக்கும், பல வருஷமாகச் சபைக்கு வந்தும் இதைப்பற்றி யாரும் சொல்லிக்கொடுக்காதவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

புலம்பல் என்றால் என்ன? நடந்த கஷ்டத்தை, கோபத்தை, புரியாமையை எதையும் பூசி மெழுகாமல் ஆண்டவர் முகத்துக்கு நேராகச் சொல்லி, அவரிடமே நியாயம் கேட்கும் ஜெபம். அவ்வளவுதான். இதில் முக்கியமானது யாரிடம் சொல்கிறோம் என்பது. இதைச் சொன்னதும் யாராவது கையைத் தூக்குவார்கள்: "பாஸ்டர், வனாந்தரத்தில் முறுமுறுத்தவங்களை ஆண்டவர் தண்டிச்சாரே, இது அதுதானே?"

நல்ல கேள்வி. அதற்கு எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், ஒரே அதிகாரத்தில் இரண்டும் இருக்கிறது. எகிப்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேல் ஜனங்கள், வனாந்தரத்தில் ஆண்டவர் கொடுத்த மன்னா என்ற உணவைப் பார்த்து அலுத்துப்போய், எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்துக்கொண்டு அவரவர் கூடார வாசலில் நின்று அழுகிறார்கள். ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே அதிகாரத்தில் மோசே நேராக ஆண்டவரிடம் போகிறார், போய், "இந்த ஜனங்களையெல்லாம் நானா பெற்றேன்? இவர்களை மடியில் வைத்துச் சுமக்கச் சொல்கிறீரே, என்னால் முடியாது, இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுபோடும்" என்கிற அளவுக்குப் பேசுகிறார். பேச்சின் காரத்தைப் பார்த்தால் மோசே பேசியதுதான் அதிகம். ஆனால் ஆண்டவர் அவரைத் தண்டிக்கவில்லை. பாரத்தைப் பங்குபோட எழுபது மூப்பர்களைக் கொடுக்கிறார். மேனேஜரைப்பற்றி மாமாக் கடையில் உட்கார்ந்து தே தாரிக் ஆறும்வரை பேசுவது ஒன்று, அவர் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய், "சார், இது நியாயமில்லை" என்று சொல்வது வேறு. இரண்டாவதைச் செய்கிறவனுக்கு அவர் கேட்பார் என்று கொஞ்சமாவது நம்பிக்கை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அவன் கதவருகே போகவே மாட்டான். புலம்பலை அவிசுவாசம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

சரி, இப்போது ஒரு சங்கீதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 13ஆம் சங்கீதம், ஆறே வசனம், பஸ் நிறுத்தத்தில் நின்றே வாசித்துவிடலாம்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு தரம் வந்துவிடுகிறது. எதுவரைக்கும் மறந்திருப்பீர், எதுவரைக்கும் முகத்தை மறைப்பீர், எதுவரைக்கும் நான் மனசுக்குள்ளேயே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன், எதுவரைக்கும் என் எதிரி என்மேல் தலைதூக்குவான். கவனித்தீர்களா, முதல் இரண்டும் ஆண்டவரைப் பற்றிய குற்றச்சாட்டு, மூன்றாவது தன்னைப் பற்றியது, நான்காவதுதான் எதிரியைப் பற்றியது. நாமாக இருந்தால் எதிரியில்தான் ஆரம்பித்திருப்போம், அதிலேயே முடித்தும் இருப்போம். அந்த மூன்றாவதை, ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் புரண்டபடி இதைச் செய்யலாமா அதைச் செய்யலாமா என்று ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த இரண்டு வசனம் வேண்டுதல். என்னைப் பாரும், எனக்குச் செவிகொடும், நான் செத்துப்போகாதபடி என் கண்களைத் தெளிவாக்கும். வேண்டுதலுக்குக் காரணமும் சொல்கிறார்: இல்லாவிட்டால் என் எதிரி ஜெயித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வான். ஆண்டவரிடம் வாதாடுகிறார் என்றே சொல்லலாம், உம்முடைய பேரும்தானே இதில் இருக்கிறது என்பதுபோல. இந்த வாதாடும் பழக்கம் சங்கீதங்களில் நிறைய இடத்தில் உண்டு.

அப்புறம் ஐந்தாம் வசனத்தில் ஒரு திருப்பம். நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன், கர்த்தரைப் பாடுவேன். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் என்ன நடந்தது? ஆலயத்தில் ஓர் ஆசாரியர் ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று வேத அறிஞர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். இருக்கலாம். சங்கீதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. எதிரி போனானா, நோய் தீர்ந்ததா என்றும் இல்லை. எனக்கென்னவோ, அந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரியும் இருக்கலாம், பத்து வருஷமும் இருக்கலாம் என்றுதான் படுகிறது. அதனால் ஒருவருக்காக ஜெபிக்கும்போது நான்காம் வசனத்தில் நிற்கிறவரைக் கையைப் பிடித்து ஐந்தாம் வசனத்துக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் இந்த அமைப்பில்தான் போகும். கூப்பிடுதல், முறையிடுதல், கேட்டல், நம்பிக்கை. வரிசை மாறும், சிலது திரும்பத் திரும்ப வரும். விதிவிலக்கு 88ஆம் சங்கீதம். பதினெட்டு வசனம். முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிடுவதோடு சரி, அதற்குப்பின் குழி, இருள், அலை, கோபம், இப்படியே போய், சிநேகிதனையும் தோழனையும் என்னைவிட்டு விலக்கினீர் என்று முடிந்துவிடுகிறது. திருப்பம் கிடையாது, பாடுவேன் கிடையாது. பல நூற்றாண்டுகளாக எத்தனையோ பேர் கையால் பிரதி எடுத்த புத்தகம் இது, ஒருவர்கூட கடைசியில் ஒரு அல்லேலூயாவைச் சேர்த்துவிடவில்லை. இதை வைத்திருந்ததற்காக அந்தப் பழைய யூதர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். சென்ற வருஷம் பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு விலை அடுக்குமாடியில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன், கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், பிள்ளை வேலைதேடி சிங்கப்பூர் போனவன் சரியாகப் போன்கூட எடுப்பதில்லை. "பாஸ்டர், ஜெபம் பண்ண உட்கார்ந்தா வாயே திறக்க மாட்டேங்குது" என்றார். நான் 88ஐ வாசித்தேன். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதெல்லாம் பைபிள்லயே இருக்கா?" என்று கேட்டார், கேட்டுவிட்டு எழுந்து போய் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். அன்றைக்கு வேறே எந்தப் பிரசங்கமும் நான் செய்யவில்லை.

தனியாகப் புலம்புகிறவர்கள் ஒருபக்கம், ஒரு ஊரே ஜனமே சேர்ந்து புலம்பும் சங்கீதங்கள் இன்னொருபக்கம். 44, 74, 79 இந்த வகை. 44ஆம் சங்கீதத்தில், இத்தனையும் எங்கள்மேல் வந்தும் நாங்கள் உம்மை மறக்கவில்லை என்கிறார்கள். அதாவது எங்கள் பாவத்துக்குக் கிடைத்த கூலி இது என்று இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்றுகூடக் கேட்டுவிடுகிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு சயாம் மரண ரயில்தான் நினைவுக்கு வரும். 1942, 43இல் ஜப்பானியர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களை அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் போட்ட கல்லறை கிடையாது, குடும்பத்துக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம் சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இழப்பை ஒருநாளாவது ஆராதனையில் வைத்து, 44ஐ வாசித்து, ஆண்டவரே ஏன் என்று சேர்ந்து கேட்டிருக்கிறோமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடும் வேலையும் ஒரே நாளில் போனவர்களுக்காக? இதெல்லாம் அரசியல், சபைக்குள் வேண்டாம் என்பார்கள். 74ஆம் சங்கீதம் ஆலயத்தைக் கோடாலியால் உடைத்தார்கள் என்று புலம்புகிறது, அதுவும் ஆராதனையில் பாடிய பாட்டுதான்.

புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எருசலேம் கி.மு. 586இல் பாபிலோனியரிடம் விழுந்ததைப் பற்றிய ஐந்து கவிதைகள். இதில் முதல் நான்கும் எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி அமைந்தவை. 22 எழுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு தொடங்கும். மூன்றாம் அதிகாரத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று என்று 66 வசனம். ஊர் எரிந்து, தெருவில் பிள்ளைகள் பசியால் மயங்கி விழுவதைப் பார்த்த ஒருவர் உட்கார்ந்து அகரவரிசையில் அழுதிருக்கிறார். நம் ஒப்பாரிக்கும் இப்படி ஒரு ஒழுங்கு உண்டல்லவா, நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கும்போதும் எதுகை தவறாது, இறந்தவர் நட்ட மரத்திலிருந்து அவர் போட்ட சட்டை வரை வரிசையாக வரும். எரேமியா 9ஆம் அதிகாரத்தில் புலம்பத் தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு வரச்சொல்லி ஆண்டவரே சொல்கிறார், நாங்கள் அழுவதற்கு அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும் என்று. கிறிஸ்தவர்கள் ஆனபிறகு ஒப்பாரி வேண்டாம் என்று நம் பாட்டிமார்களை அடக்கிவைத்ததில் நமக்கு லாபம் என்ன என்று எனக்குச் சந்தேகம்தான்.

சாவு வீட்டில் இதை நன்றாகப் பார்க்கலாம். பெட்டி நடுக்கூடத்தில் இருக்கும், மகள் அழுதுகொண்டிருப்பாள், யாராவது தோளைத் தட்டி, "அழாதேம்மா, அப்பா ஆண்டவர்கிட்டதான போயிருக்கார், நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி அழக்கூடாது" என்பார்கள். சொல்கிறவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அவர் மனதில் இருக்கும் 1 தெசலோனிக்கேயர் 4:13 அழாதே என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதே என்றுதான் சொல்கிறது. துக்கம் இருக்கும் என்பதை அது ஒத்துக்கொண்டுதான் பேசுகிறது. இறந்துபோன சிநேகிதன் லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும், தெரிந்தும் அந்தக் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் வாய்திறக்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரைக்கும் நல்ல சிநேகிதர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் அவர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். அவர்கள் பேசியது அத்தனையும் பக்தியான பேச்சு! யோபு பேசியதில் பாதி குற்றச்சாட்டு!

அன்னாளையும் சொல்லவேண்டும். பிள்ளையில்லாத அவள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுதுகொண்டிருந்தாள், ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துத் திட்டிவிட்டான். ஜெபத்துக்கும் போதைக்கும் வித்தியாசம் தெரியாத ஆசாரியன். என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றினேன் என்று அவள்தான் அவனுக்கு விளக்கவேண்டியிருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே சிலுவை. பெரிய வெள்ளிக்கிழமை இங்கே தீபகற்பத்தில் பொதுவிடுமுறை கிடையாது, சபா சரவாக்கில் மட்டும்தான், அதனால் லீவு போட்டுவிட்டோ அரை நாள் கேட்டுக்கொண்டோதான் நம் ஆட்கள் பகல் ஆராதனைக்கு வருவார்கள். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளையும் ஏழு பேருக்குப் பிரித்துக்கொடுப்பார்கள். நான்காவது வார்த்தை யாருக்கு வருகிறதோ அவர் கொஞ்சம் சங்கடப்படுவார். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. சாகும் நேரத்தில் இயேசு புதிதாக ஒரு ஜெபத்தைத் தேடவில்லை, சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய ஒரு புலம்பலை எடுத்துக்கொண்டார். அவருக்கே இது தேவைப்பட்டது என்றால், எனக்கு வேண்டாம், நான் எப்போதும் ஜெயம் ஜெயம்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

இனி நீங்கள் செய்து பார்ப்பதற்கு. ஒரு நோட்டை எடுத்து உங்கள் சொந்தப் பேச்சில் எழுதுங்கள், வேதாகமத் தமிழ் வேண்டாம். வேலை போன ஒருவர் எழுதினால் இப்படி இருக்கலாம்: "ஆண்டவரே, ஆட்குறைப்புன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்டுக் கடன் ரெண்டு மாசம் பாக்கி. கிராப் ஓட்டுறேன், பெட்ரோலுக்கும் கமிஷனுக்கும் போக மிச்சமில்லை. தசமபாகம் தவறாமக் கொடுத்தேன், நீர் என்ன செஞ்சீர்? பார்த்துக்கிட்டுதானே இருக்கீர்? மகளுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டணும், இந்த மாசத்துக்குள்ள ஒரு வழி காட்டும். எனக்குக் கோவம் இருக்கு, ஆனா வேற யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னும் தெரியல." கடைசி வரியைப் பாருங்கள், துதி எதுவும் இல்லை, ஆனாலும் அதுதான் அவருடைய ஐந்தாம் வசனம். உண்மையாக வராத துதியை எழுதவேண்டாம். எழுதியதைச் சத்தமாக வாசியுங்கள், வீட்டில் ஆள் இருந்தால் காருக்குள் உட்கார்ந்து வாசியுங்கள்.

சபையில் இதைக் கொண்டுவருவது கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் சாட்சி நேரத்தில் மைக் கிடைப்பது கதை நல்லபடி முடிந்தவர்களுக்கு மட்டும்தான். நோய் குணமானவர் பேசுவார், இன்னும் குணமாகாதவர் கைதட்டுவார். சபை வாட்ஸ்அப்பில் யாராவது உண்மையான கஷ்டத்தை எழுதினால் பத்து பேர் "ஆமென்" என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், எதற்கு ஆமென் என்று அவர்களுக்கே தெரியாது. என்னைக் கேட்டால் மாதத்தில் ஒரு ஞாயிறு, சாட்சிக்குப் பதிலாக ஒரு புலம்பல் சங்கீதத்தைச் சபையே எழுந்து நின்று வாசிக்கலாம். விளக்கம் வேண்டாம், வாசித்துவிட்டு ஒரு நிமிஷம் அமைதியாக நின்றுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. புலம்பல் ஜெபம் மருந்துக்குப் பதில் இல்லை. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் சங்கீதத்தையும் வாசியுங்கள், டாக்டரையும் பாருங்கள். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்குப் போன் பண்ணினால் ராத்திரி எத்தனை மணியானாலும் கேட்க ஆள் இருக்கிறார்கள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் போய் "ஆண்டவரிடம் புலம்பும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிற போதகரைவிட, அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவோ மேல்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால், முதலில் 13. அப்புறம் 42, 43 இரண்டையும் சேர்த்து, ஒரே பல்லவி இரண்டிலும் வருவதைப் பார்ப்பீர்கள். தூக்கம் வராத இரவுக்கு 77. அப்புறம் 22, முழுதாக, முதல் வரியோடு நிறுத்தாமல். 88ஐக் கடைசியில் வையுங்கள், முடிந்தால் யாராவது பக்கத்தில் இருக்கும்போது. 109, 137 இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள், அவற்றில் எதிரியைச் சபிக்கும் வரிகள் இருக்கின்றன, 137இன் கடைசி வசனத்தைப் பச்சைக் குழந்தை வைத்திருக்கிற யாரும் நடுங்காமல் வாசிக்க முடியாது. அதைப்பற்றித் தனியாகத்தான் பேசவேண்டும், இன்னொரு நாள் எழுதுகிறேன்.